கொக்கிகள் போதவில்லை

வாருங்கள்.
காலில் ஒட்டிய பனியை வாசலிலேயே தட்டிவிடுங்கள்,
தரை வழுக்கும்.
கோட்டைக் கழற்றிக் கொடுங்கள்.
பையில் ஏதும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்;
போன வாரம் ஒருவர்
புகையில் வாட்டிய முழு மீனை
செய்தித்தாளில் சுற்றி விட்டுப்போனார்.
மூன்று நாள் என் அறை ஏரியாக நாறியது.

இதோ உங்கள் அட்டை. முந்நூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு!
இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.
இங்கே இருப்பவை நானூறு கொக்கிகள்.
ஆறு குளிர்காலம்
இருபத்து மூன்றுதான் கோட்டு சுமந்தன,
மற்றவற்றில் தூசி தொங்கியது.

அந்த இருபத்து மூன்றையும்
விளக்கை அணைத்தாலும் சொல்வேன்.
ஏழு, டயர்க்கடை ரிம்வீதாஸ்:
ரப்பர் வாசனை, இடது முழங்கையில் ஒட்டு.
பன்னிரண்டு, பல் மருத்துவர் லியூசியா.
நாற்பத்தொரு புள்ளியில் நாங்கள் தோற்ற இரவு
"நடுவருக்குக் கண் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லி
கையுறை மாட்டிக்கொண்டு போனவர்.
பத்தொன்பதில்
ஒரு பெரிய கோட்டும் அதன் மேல் ஒரு சின்னக் கோட்டும்.
பிறகு சின்னது மட்டும் வந்தது,
வருடத்துக்கு ஒரு அளவு கூடிக்கொண்டு.

இப்போது தொடர்ந்து பதினோரு வெற்றி.
வில்னியஸ்காரர்களையே அழவைத்து அனுப்பினோம்.
பத்தொன்பது வயது தோவீதாஸ்
கோட்டுக்கு வெளியே நின்று எறிகிறான்
(என் கோட்டு இல்லை, தரையில் போட்ட கோடு),
கூரை அதிர்கிறது, கொக்கிகள் கிலுகிலுக்கின்றன.
அப்படித்தான் நான் ஆட்டம் பார்ப்பது.
ஊரில் பச்சைக் கம்பளி நூல் தீர்ந்துவிட்டதாம்.

ஆறு வருடம் "நாங்கள்" என்ற வாய்
"நாம்" என்று சொல்லக் கொஞ்சம் தடுக்குகிறது.
பொறுங்கள், பழகிவிடும்.

சற்று முன் ரிம்வீதாஸ் வந்தார், வேலை முடிந்து, தாமதமாக.
ஏழில் யாருடையதோ நரித்தோல் கோட்டு.
தன்னுடையதைக் கையில் பிடித்தபடி நின்றார்.
"குளம் நிறைந்ததும் எல்லாம் வருது பார்" என்றார்.

ரிம்வீதாஸ், நம் அணியின் பெயர் என்ன? நாரைகள்.
எந்த நாரை நம் ஜனவரியைப் பார்த்திருக்கிறது?
ஆகஸ்ட் முடிகிறபோதே ஆப்பிரிக்கா.
ஏப்ரலில் அது கூடு கட்ட
கம்பத்து உச்சியில் பழைய சக்கரம் ஏற்றிவைப்பது யார்?
உங்கள் கடைச் சக்கரம்தானே?
இத்தனை நாள் எங்கே போனாய் என்று
அதை நிறுத்தி வைத்துக் கேட்டீர்களா?

அவர் பதில் சொல்லவில்லை.
அவர் கோட்டை
என் ஆணியில், என் கோட்டின் மேலேயே மாட்டினேன்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், மேலே போய்ச் சொல்லாதீர்கள்.
அந்த நாற்பத்தொரு புள்ளி இரவில்
இருபத்து நான்காவது கோட்டு ஒன்றும் இருந்தது.
பாதி ஆட்டத்தில் அதைப் போட்டுக்கொண்டு
பேருந்து நிறுத்தம்வரை போனேன்.
இருபது நிமிடம். பேருந்து வரவில்லை.
விரல் விறைத்தது, திரும்பிவிட்டேன்.
அல்டோனாவின் விசுவாசம் என்று ஊர் புகழ்வதில் பாதி
அன்று ஓடாத பேருந்து.

ஆகவே கேள்வி ஒன்றும் இல்லை.
மேலே பூண்டு தேய்த்துப் பொரித்த கருப்பு ரொட்டி உண்டு,
சூடாக இருக்கும்போதே வாங்குங்கள்.
இடது பக்க முரசுக்காரன் பக்கத்தில் உட்காராதீர்கள்,
ஆறு வருடக் கோபத்தை இப்போதுதான் அடிக்கிறான்.

போகும்போது அட்டையைத் தர மறந்துவிடுங்கள்.
மேலாளர் கத்துவார், அது என் பாடு.
கோட்டைத் தந்துவிடுவேன், முகம் பார்த்துக்கொண்டேன்.
அது உங்கள் பையிலேயே கிடக்கட்டும்.
தோவீதாஸை யாராவது பெரிய ஊருக்கு வாங்கிப்போவார்கள்,
மறுபடி தோற்போம்,
ஒரு பிப்ரவரியில் சில்லறை தேடிப் பையில் கைவிட்டால்
தட்டுப்படட்டும்.
வந்தால் வாருங்கள்.
அன்று கொக்கிகள் காலியாகத்தான் இருக்கும்,
பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.
ஏழை மட்டும் விட்டுவிட்டு.

அடுத்தவர்.
காலை, காலைத் தட்டுங்கள்.