உலர் எடை

செவ்வாயும் வெள்ளியும் அவர்தான் முதல் ஆள்.
ஐந்தே முக்காலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு
எடை மேடையில் ஏறி
கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.
எண்ணை நான்தான் படிக்க வேண்டும்.
அறுபத்தேழு புள்ளி நாலு.
உலர் எடை அறுபத்து நாலு.
சோற்றில் இப்படி ஏறாது.

"என்ன குடிச்சீங்க?"
"ஒண்ணுமில்ல சிஸ்டர்."
கொஞ்சம் பொறுத்து,
"ரெண்டு கீத்து தர்பூசணி."
ஊசி ஏறும்போது,
"பொண்ணு வூட்ல ரசம். சூடா இருந்துது."

எத்திராஜ், ஐம்பத்து மூன்று, கொடுங்கையூர்.
தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.
ஒரு நடைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர்.
பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகும்
தண்ணீர் நிற்பதில்லையாம்,
ஒரு நொடி கழித்து வந்து முதுகில் முட்டுமாம்.
அவருக்கு நாளொன்றுக்கு எழுநூறு மில்லி,
மாத்திரை விழுங்குவதும் அதற்குள்.

இடது கையில்
தமனியைச் சிரையோடு தைத்த இடம் இரையும்.
விரல் வைத்தால்
மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் குழாயைத் தொட்டதுபோல்.
பேரன் காதை வைத்துக் கேட்டுவிட்டு
"தாத்தா கைல பஸ்ஸு" என்றானாம்.

ஒருநாள் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள்
கைப்பிடியைச் சுற்றி அவர் ரத்தத்தை
அவருக்கே திருப்பிக்கொண்டிருந்தேன்.
ஜன்னலில் தூங்குமூஞ்சி மரம்.
மூன்று மாடி உயரம், மோட்டார் கிடையாது.
உச்சி இலையில் ஒரு துளி காய்கிறது,
அந்த இடத்துக்கு அடுத்தது நகர்கிறது,
அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று,
தார்ச்சாலைக்கு அடியிலுள்ள வேர்முனை வரைக்கும்.
உலர்வதுதான் இழுக்கிறது.
சுற்றிக்கொண்டே இதைச் சொன்னேன்.
"எனக்கும் அப்டித்தான். தொண்டைலேர்ந்து."

நல்ல சிறுநீரகம்
ஒரு நாளில் நூற்றெண்பது லிட்டரை வடித்து
ஒன்றரையை மட்டும் வெளியே விட்டு
பாக்கி மொத்தத்தையும் உடம்பிடமே ஒப்படைத்துவிடும் என்றபோது
வெகுநேரம் யோசித்தார்.
"நடுவழில யாரும் வால்வைத் தொறக்கறதில்லியா?"

ஷிப்ட் முடிந்து ஒருமுறை
அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் போயிருந்தேன்.
சாக்கடையும் கடலும் ஒன்றையொன்று தள்ளுகிற சேறு.
அலையாத்தி இலை ஒன்றைக் கிள்ளி
அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்தேன்.
கரித்தது.
வேரில் தடுத்தது போக உள்ளே வந்துவிட்ட உப்பை
வியர்த்துத் தள்ளியிருக்கிறது.
இதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.
உப்போடு செத்தவை விதை விடவில்லை,
அவ்வளவுதான். லட்சக்கணக்கான வருஷம் அவ்வளவுதான்.

விரல் நீள மீன் ஒன்று
துடுப்பை ஊன்றிச் சேற்றில் ஏறி
செவுளுக்குள் ஒரு வாய்த் தண்ணீரை அடக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தது.
எனக்கு அவர் ஞாபகம்.
ஒரே ஒரு ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால்
மாதவரத்திலிருந்து போரூர் வரை ஓட்டிவிடுவேன் என்பார்.

மே மாதம் எங்கள் ஆழ்குழாயில் உப்பு ஏறிவிட்டது.
ஒரு ஆளைக் கழுவ நூற்றிருபது லிட்டர் வேண்டும்,
எட்டு மெஷின்,
சம்பின் அடியில் ஒரு பல்லி நடந்துகொண்டிருந்தது.
வர வேண்டிய லாரி வரவில்லை.
வர வேண்டிய எத்திராஜும் வரவில்லை.

ஆறரைக்குத் தெருமுனையில் ஹார்ன்.
குழாயைச் சம்புக்குள் இறக்கிவிட்டு
லுங்கியில் கை துடைத்தபடி மாடியேறி வந்தார்.
கீழே தண்ணீர் விழும் சத்தம்
எட்டுக் கட்டிலுக்கும் கேட்டது.
யாரும் பேசவில்லை.
ஒரு கிழவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

எடை மேடையில் நின்று
அன்றுதான் அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார்.
"லாரிக்கும் இது உண்டு சிஸ்டர்.
ஆர்சி புக்ல போட்டிருப்பான், தண்ணியில்லாத எடை.
அந்த எடைல ஓட்டிப் பாக்கணும் நீங்க.
துள்ளும்.
புடிக்கவே முடியாது."