தீனி

மவுண்ட் எட்ஜ்கோம், கண்ணாடிக் கூடம் மூன்று.
வெளியே கரும்பு. உள்ளே நான்:
முகமூடி, இரட்டைக் கையுறை,
பையில் இன்ஹேலர், கழுத்தில் வெள்ளைக் களிம்பு.
என் மூச்சை அடைக்கும் செடிக்கு
நானே தண்ணீர் ஊற்றுகிறேன்.

பார்த்தீனியம்.
தொட்டிக்கு மூன்று நாற்று, வாரம் ஒருமுறை உரம்.
ஊரெல்லாம் வேரோடு பிடுங்கி எரிப்பதை
இங்கே தேதி எழுதி, சாய்ந்தால் குச்சி நட்டு
நிமிர்த்தி வைக்கிறோம்.
வினை விதைத்தவன் வினை அறுப்பானாம்.
விதைக்க எனக்கு மாதச் சம்பளம்.
அறுக்கிற ஆள் வேறு.

வலைக்கூண்டுக்குள் அவை, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது.
பால்கோவா நிற முதுகில்
பேனா எழுதுகிறதா என்று யாரோ
கிறுக்கிப் பார்த்த கோடுகள்.
பூர்வீகம் மெக்சிகோ. என் முப்பாட்டனைப்போல
வேலைக்கென்று கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவை,
கைநாட்டு மட்டும் வாங்கவில்லை.
இலைக்கடியில் முட்டை வைக்கும்.
புழு பொரிந்ததும் நேரே மொட்டுக்குள்.
பூக்குமுன் தின்றுவிட்டால் மகரந்தம் இல்லை.
அவ்வளவுதான் திட்டம்.

நவம்பர், முதல் மழைக்கு மறுவாரம்.
இரண்டாயிரம் எண்ணி ஐஸ்பெட்டியில் அடுக்கி
வடக்கே நான்கு மணி நேரம் ஓட்டினோம், ஜோசினிக்கு.
லிந்தேனியின் கொல்லை முழுக்க வெள்ளைப் பூ.
உம்புலாலாஸ்வே, என்றாள். நாட்டைக் கொல்வது.
ஆடு அதை மேய்ந்தால் பால் கசக்கிறது.
பையன் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

டப்பாவின் மூடிமேல் கை வைத்துக் கேட்டாள்:
என் அவரையைத் தின்னுமா?
தின்னாது. பட்டினி கிடந்து சாகும், அவரையைத் தொடாது.
அப்போ இந்தப் பூண்டு தீர்ந்துபோனால்?
அவையும் தீரும்.
டப்பாவை வாங்கி வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள்.
ஷேம், என்றாள்.
இந்த நாட்டில் எல்லாப் பாஷையிலும்
ஐயோ பாவத்துக்கு அதுதான் சொல்.
பிறகு அவளே திறந்து கொட்டினாள்.

ஆறு வாரம் கழித்துப் போனில் ஒரு படம்.
சல்லடையாய் இலை, மொட்டையாய் நுனி.
ஒரு முழம் தள்ளி இன்னொரு செடி
பல் படாமல், தலை நிறையப் பூவோடு.
கீழே எழுதியிருந்தாள்:
பையன் நேற்றுப் படுத்துத் தூங்கினான்.
இன்று உட்கார்ந்து.

பலித்ததா இல்லையா என்று நிரப்ப
எங்களிடம் ஒரு படிவம் உண்டு.
இரண்டு கட்டத்துக்கும் நடுவில்
பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன்.

கூடம் மூன்றில் அடுத்த தொகுதி நாற்று.
குனிந்ததும் தும்மல். ஒன்று, இரண்டு, ஐந்து.
எங்கள் வீட்டில் நூறாயுசு என்பார்கள்.
பக்கத்து வரிசையிலிருந்து ஹ்லெங்கிவே
துதுக்கா! என்றாள்.
சூலுவில் அது, வளர்.

உங்களை இல்லை, என்றேன் நாற்றுகளிடம்.
சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தேன்.