நாலாவதா, ஐந்தாவதா

பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெப்பமானியை
கேளாமல் எடுத்து வந்தது களவுதான்.
பஞ்சு சுற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து
அநுராதபுரச் சந்தியில் ஓட்டோ மறித்தேன்.
"கன்னியாவுக்கோ? அந்தியேட்டியோ அக்கா?"
அது முந்தநாள் முடிஞ்சுது என்றேன்.
பிறகேன் என்று கேட்காமல்
கண்ணாடியில் ஒருக்கால் பார்த்தான் பெடியன்.

ஒரு பந்தயம், தம்பி.
இருபத்தாறு வருசப் பந்தயம்.

ஏழு கிணறு. எது ஆகச் சூடு?
நாலாவது என்பான் குகனேசண்ணா.
நான் ஐந்தாவது என்பேன்.
அவன் உள்ளங்கையால் பார்ப்பான், நான் முழங்கையால்.
தோற்ற ஆள் வென்ற ஆளுக்கு
ஒரு ஆட்டிறைச்சிக் கொத்து.
ஒருநாளும் ஒருத்தரும் தோற்கவில்லை.
பாதை பூட்டிக் கிடந்த காலத்தில்
துறைமுகத்து ரெலிபோனில் இருந்து எடுத்து
வேறெதுவும் பேசப் பயந்து
"நாலுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வாசலில் ரிக்கற்.
சவர்க்காரம் பாவிக்கக் கூடாதென்று
மூன்று மொழியில் ஒரு பலகை.
அதனடியில் தலையெல்லாம் நுரையோடு
ஒரு மொட்டைப் பையன்.
இடுப்பளவு ஆழத்தில் சதுரம் சதுரமாய்க் கிணறுகள்;
ஒவ்வொன்றின் அடியிலும்
யாரோ மூச்சு விடுவதுபோல் குமிழி.
ராவணன் தாயின் கடனுக்குத் தரையைக் குத்தினானாம்.
அப்ப ஏன் ஒவ்வொரு குத்துக்கும்
ஒவ்வொரு சூடு என்று
அண்ணா ஐயரிடமே கேட்டவன்.

நாலாவதில் நூலைக் கட்டி இறக்கினேன்.
குருநாகல் பஸ்ஸில் வந்த மனிசி,
குறுக்குக்கட்டு, கையில் நீல வாளி,
பக்கத்தில் வந்து குனிந்தா.
"உணுயித?"
எனக்குச் சிங்களம் கடையில் பேரம் பேசுமளவு.
பொறுங்கோ என்று விரலைக் காட்டினேன்.
மருந்து ஊற்றும் நேரம் போல
வாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா.
நாற்பத்தொன்று.

ஐந்தாவதில் நாலு பெடியள்
அள்ளி அள்ளி ஊற்றித் தண்ணீர் அடிமட்டம்.
ஊறட்டும் என்று குந்தியிருந்தேன்.
மனிசி போய் என்ன சொன்னாவோ,
பெடியள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஈரச் சாரத்தோடு ஓரமாய் நின்றார்கள்.
அதிபர் வகுப்புக்குள் வந்தமாதிரி ஓர் அமைதி.
தண்ணீர் மெல்ல ஏறியது, படி படியாய்.
கடைசிக் கிழமை தாதிப் பிள்ளை
அவன் அக்குளில் இருந்து எடுத்து வாசித்த எண்
முப்பத்தொன்பதரை.
அதற்கு அவன்,
"நாலாவதுக்குக் கிட்ட வந்திட்டன் பார்" என்றான்.
நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நாற்பது.

திரும்ப இறக்கினேன். நாற்பதுதான்.
கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது.
மனிசி என் முகத்தைப் பார்த்துவிட்டு
தன் வாளியை நாலாவதில் அமிழ்த்தி நிரப்பி
ஒன்றும் கேளாமல் என் தலையில் கவிழ்த்தா.
உடுப்போடு.
கொதிக்கவில்லை, சுட்டது.
இன்னும் ஒரு வாளி.
மூன்றாவதை நானே அள்ளினேன்.

திரும்பி வரும் வழியில் கொத்துக் கடை.
"ஒண்டா, ரெண்டா?"
ஒண்டு. ஆட்டிறைச்சி.
ஈரச் சேலை சீற்றில் ஒட்ட, பார்சலைப் பிரித்து
பெடியனுக்குப் பாதி கொடுத்தேன்.
இறைச்சி மூன்று துண்டு, மிச்சம் எலும்பு.
அண்ணா என்றால் இறங்கிப் போய்
கடைக்காரனோடு கொளுவியிருப்பான்.

சரி. நீ வென்றாய்.
நாளைக்கு மணியடிக்க முன்னம்
வெப்பமானியை அலுமாரியில் வைக்க வேணும்.

ஆனால் ஒன்று.
வாசல் பக்கமிருந்தே நான் எண்ணினது.
அங்காலிருந்து எண்ணினாலும் உன் நாலு
நடுவில்தான் இருக்கும்,
என் ஐந்து இடம் மாறிவிடும்.
அந்தக் கிணற்றை நான் அளக்கவில்லை.