கொளத்தூர் மிசோ

"குளிர்ந்த, இருண்ட இடத்தில்
ஓராண்டு வைக்கவும்" என்றிருந்தது.
கொளத்தூரில்
இருட்டு கிடைக்கும், கரண்ட் போனால்.
குளிர்ச்சிக்கு எங்கே போவது?

இட்லி அரிசியில் வெண்பூஞ்சை படரவிட்டு
வெந்த சோயாவும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து
ஊறுகாய் ஜாடியில் அழுத்தினேன்.
பாரத்துக்கு,
பாலித்தீன் சுற்றி,
தேவநேசன் விட்டுப்போன
ஐந்து கிலோ டம்பெல்.

தையில் வைத்தது
கத்திரி பிறந்ததும் கருப்பட்டி நிறம்.

வாடகைக்கு வந்த ஹவுஸ் ஓனர்
மூக்கைச் சுருக்கினார்:
"எலி கிலி செத்துக் கிடக்கா?"

ரசம் என்று சொல்லி ஒரு டம்ளர் கொடுத்தேன்.
முருங்கைக்கீரை வெந்த நீரில்
அடுப்பை அணைத்தபின் கரைத்தது.

குடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
படியிறங்கப் போனவர் திரும்பி
"பூண்டு போடலையா?" என்றார்.

டம்ளர்
இன்னும் அவர் கையில்.