எரிவாயுக் கணக்குக்குக் கீழே

எரிவாயுக் கட்டணத்துக்குக் கீழேதான் எழுதிவைக்கிறேன்.
மார்ச்: 0.04
ஜூன்: 0.07
செப்டம்பர்: 0.13. பேனா அழுந்தி அந்த இடம் கிழிந்திருக்கிறது.

புன்தா அரேனாஸ் கம்பளிக் கிடங்கில்
முப்பது வருடம் எடை போட்டவள் நான்.
பொதிக்கு அரைக் கிலோ கூடும், குறையும்;
ஈரம் என்போம், காற்று என்போம்,
கையெழுத்துப் போட்டுக் கப்பலேற்றிவிடுவோம்.
இப்போது தசமப் புள்ளி தாண்டி இரண்டாம் வீட்டில்
குடியிருக்கிறது என் தூக்கம்.

அறுவைக்கு முன்னால் ஓர் ஏழு வந்தது.
மூன்றும் நான்கும் ஏழு என்றால் ஒரு மாதிரி,
நான்கும் மூன்றும் ஏழு என்றால் வேறு மாதிரி
என்றார் டாக்டர் தாவோர்கா.
கூட்டலில் முன்பின் கிடையாது என்று
கன்னியாஸ்திரீகள் அடித்துச் சொல்லிக்கொடுத்தது
ஒரு காகித உறையில் முடிந்துபோனது.
எங்களுடையது நான்கில் தொடங்கும் ஏழு.

"சுரப்பியைத்தான் எடுத்தாயிற்றே,
பிறகு எங்கிருந்து ஊறுகிறது?"
ஓனோஃப்ரே இதை டாக்டரிடம் கேட்கவில்லை.
போர்வெனீர் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஜலசந்தியிடம் கேட்டார்.
எதிர்காலம் என்று பெயர் வைத்த ஊருக்குப் போகும் படகு.
அதன் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டே நரைத்தவர்.

சந்தியாகோவுக்கு மூன்றரை மணி நேரம் பறந்தோம்.
ஊசி போட்டு, அசையாமல் உட்காரவைத்து,
குழாய்க்குள் அனுப்பினார்கள்.

ஊர் திரும்பி, டாக்டரின் திரையில் அவர்:
உடம்பெல்லாம் சாம்பல், ஆங்காங்கே தணல்.
எனக்கு எல்லாத் தணலும் நோய்தான்.
தாவோர்கா விரலால் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார்.
சிறுநீரகம், அது இப்படித்தான் எரியும்.
மூத்திரப்பை, மருந்து வெளியேறும் வழி.
உமிழ்நீர்ச் சுரப்பி, சரி.
விலாவில் மங்கலாக ஒன்று.
"எப்போதாவது விழுந்தீர்களா?"
"தொண்ணூற்றொன்று, எந்திர அறை ஏணி."
நான்தான் சொன்னேன். அவருக்கு மறந்துவிட்டது.

இடுப்புக்குள் கடுகளவு ஒன்று.
விரல் அங்கே நின்றது.
அணைக்கவில்லை.

பேச்சை மாற்றவோ என்னவோ
கண்களின் மேலோரம் இரண்டு பொட்டுகளைக் காட்டினார்:
"கண்ணீர்ச் சுரப்பி. எல்லோருக்கும் ஒளிரும்."
ஓனோஃப்ரே முன்னால் சாய்ந்து பார்த்தார்.
"எனக்குமா?"

டிசம்பர்: 0.21
அடுத்த வரியில்,
கதிர்வீச்சுக்கு முப்பத்துமூன்று நாள், போக வர டாக்ஸி
என்று எழுதிப் பெருக்கத் தொடங்கினேன்.
பங்கு டாக்ஸி போதும் என்றார்.
நின்று பிடிக்க வேண்டும், காற்று அடிக்குமே என்றேன்.
அடிக்கட்டும்.
பாதிப் பணம் மிச்சம்.
அதையும் எழுதிவைத்தேன்.