தூண்டில் வளைவு

எண்ணூர் சாலையில் வண்டி நகரவில்லை.
நேற்று இரவு ஒன்பதரைக்கு
எந்த டீக்கடைக்கு எதிரே நின்றதோ
அதே கடை இப்போது வடை போடுகிறது.
எனக்கு முன்னால் நூற்றுச்சொச்சம் கன்டெய்னர்,
பின்னால் எண்ணவில்லை.
கிளீனர் குணாளனை சீட்டில் உட்காரவைத்து
"நகந்தா மிஸ்டு கால் குடு" என்று இறங்கி
சாலையைக் கடந்தால்
இருபதடியில் கடல்.

குப்பத்துக் கரையில் ஆளில்லை.
ஏற்றிப் போட்ட படகு மூன்று,
ஒன்றின் நிழலில் நாய்.

என் தூண்டில் ஒரு தண்ணீர் பாட்டில்.
அதன் இடுப்பில் தங்கூஸ் சுற்றியிருக்கும்.
ஈயத்துக்குப் பதில்
மட்கார்டில் கழன்ற நட்டு.
இரை, பத்து ரூபாய் இறால், பாதி அழுகல்.
இந்த வரிசையில் நின்று நின்றே கற்றுக்கொண்டேன்.
மற்ற டிரைவர்கள் சீட்டாடுகிறார்கள்,
கண்ணாடியில் சட்டையைக் காயப்போட்டுத் தூங்குகிறார்கள்.

கல்லைக் கொட்டிக் கடலுக்குள் வளைத்திருக்கிறார்கள்.
பலகையில் அதன் பெயர் தூண்டில் வளைவு.
எந்த ஆபீசில் யார் வைத்த பெயரோ.
இத்தனை லோடு கல்லில் ஒரு முள் செய்து
எதைப் பிடிக்கப் போட்டார்கள்?
தெற்கே மணல் மாட்டியிருக்கிறது.
வடக்கே ஒரு வீட்டின் படிக்கட்டு மட்டும்
வீடில்லாமல்
தண்ணீருக்குள் இறங்குகிறது.

முனைக்குப் போய்ச் சுழற்றி எறிந்தேன்.
நட்டு விழுந்த சத்தம் கேட்கவில்லை.
தங்கூஸை ஆள்காட்டி விரலில் வைத்துக் காத்திருப்பது,
அலையா, பாசியா,
இரை திருடும் நண்டா என்று
விரல்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அது.
ஒரு இழு. விட்டு, இன்னொரு இழு.
நான் இழுத்தேன், அது இழுத்தது.
நாலு சுற்று பாட்டிலில் ஏறினால்
மூன்று சுற்று கையை அறுத்துக்கொண்டு போனது.
கொடுவாதான். ஐந்து கிலோ. ஆறு.
குழம்புக்கு எந்த வண்டிவரை கூப்பிடலாம் என்று
கணக்கே போட்டுவிட்டேன்.

"உடுய்யா! ஏய், உடுன்றேன்!"
கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது.
துண்டு கட்டி அதன்மேல் தொப்பி.
கையில் என்னுடையது போலவே ஒரு பாட்டில்.
கால் மணி நேரமாக நாங்கள்
ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"தெண்டி அடிக்குது, தெரில?
தெக்கால நின்னு போட்டா
என் மேலதான் வந்து உயும்."
வெள்ளத்துக்குப் பெயர் உண்டென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒன்வே, டைவர்ஷன், நோ என்ட்ரி.
தேசம்மா வெறுங்காலோடு பாசிக்கல்லில் இறங்கி
சிக்கலை வெளியே தூக்கினாள்.

முறுக்கின நடுவில் ஒரு கிழங்கான். ஒரு சாண்.
வாயில் என் முள்,
செவுளில் அவள் முள்.
"மொதல்ல எத்த கட்ச்ச, சொல்லு" என்றாள்
மீனைப் பார்த்து.
அது வாயைத் திறந்து மூடியது.

பையில் போன் அதிர்ந்தது.
சாலையில் நூறு ஹாரன் ஒன்றாய்க் கிளம்பின.
பாட்டில், மீன், செருப்பில் ஒன்று,
எல்லாம் போட்டது போட்டபடி ஓடினேன்.

நகர்ந்தது.
ரெண்டாவது கியர்கூட விழவில்லை.
டீக்கடையிலிருந்து பஞ்சர் கடைவரை நகர்ந்து
நின்றது.
"மீன் சரிண்ணே, செருப்பு எங்க?" என்றான் குணாளன்.

திரும்பி வந்தபோது அவள் இல்லை.
என் பாட்டில் கல்லிடுக்கில் இருந்தது,
புரிபுரியாய்ச் சுற்றி.
காற்றில் உருளாதிருக்க
அதன்மேல் என் செருப்பு.
என் முள் மீனோடு போயிருக்கும்.
அந்த இடத்தில் வேறொன்று,
என்னுடையதைவிடச் சின்னது, கறுப்பு,
எனக்குப் போடத் தெரியாத முடிச்சில்.
இரையும் கோத்திருந்தது.
அழுகாத இறால்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கல்லைத் தாண்டி வடக்கே இறங்கினேன்.
அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து எறிந்தேன்.
யார் வீட்டுப் படியோ.
மேலே மூன்று படி
காய்ந்திருந்தது.