புள்ளிக்கோடு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. எட்டு நாற்காலி.
ஏசித் தண்ணீர் சொட்டும் மூலை என்னுடையது.
பட்டணத்தில் வழி தவறியவர்கள் அழைக்கும் எண்
நானூறு கிலோமீட்டர் தள்ளி
இங்கேதான் மணியடிக்கிறது.

அந்தச் சுரங்கத்தில் நான் ஒருநாளும் இறங்கியதில்லை.
திரையில் ஒரு வரைபடம் உண்டு.
மண்ணுக்குள் மெட்ரோ, நீலமும் பச்சையுமாய்.
மேலே மின்சார ரயில், சாம்பல் நிறத்தில்.
இரண்டும் கிட்ட வருகிற இடத்தில்
தண்டவாளம் இல்லை. சின்னதாய் ஒரு புள்ளிக்கோடு.
பக்கத்தில் "நடை: ஏழு நிமிடம்".
யாருடைய கால்களுக்கு என்று போடவில்லை.

நேற்று மாலை ஆறு பத்துக்கு ஒரு குரல்:
"சாத்தப்பன் பேசுறேன். சென்ட்ரலுக்கு அடியில நிக்கிறேன்.
கையில மீன்தொட்டி. கண்ணாடி.
குரோம்பேட்டை வண்டியப் பிடிக்கணும்.
அம்புக்குறி ரெண்டு பக்கமும் காட்டுது."

லிப்ட் இருக்கும் இடம் சொன்னேன். பழுதாம்.
அடுத்த லிப்ட் சொன்னேன்.
அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு விடுமாம்.
இந்த டிக்கெட் இங்கேயே முடிந்துவிடும் சார்,
மேலே போய் வேறொன்று எடுக்க வேண்டும் என்றேன்.
"ஒரே ஊர்தானே?"
ஊர் ஒன்றுதான். ரயில்தான் ரெண்டு வீட்டுக்காரருடையது.

பேச்சில் தெரிந்த இழுவை. கேட்டேன்.
பள்ளத்தூர்.

எழுதித் தந்த பதில்களை மூடிவைத்தேன்.
"அண்ணே, இப்ப முகப்புல நுழைஞ்சாச்சு.
வளவுல நின்னு பராக்குப் பாக்காதீங்க.
ரெண்டாங்கட்டுத் தாண்டி நேரா நடங்க.
பின்வாசல் தெறந்தா அடுத்த தெரு.
அங்கதான் உங்க வண்டி."

"அட, இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே"
என்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

'தீர்ந்தது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தவில்லை.
குடையைத் தொலைத்த ஒருவர், அட்டையில்
பணம் ஏறாத ஒருவர், இந்தியில் ஒருவர்.
நடுவே புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.
ஐந்தாவது புள்ளியில் படிக்கட்டு இருக்குமோ,
ஆபீஸ் விட்ட கூட்டம் எதிரே வருமோ,
இடுப்புயரக் கண்ணாடியை
எந்தத் தோளுக்கு மாற்றுவார்?

திருப்பி அழைக்க இங்கே அனுமதியில்லை.
டீ குடிக்கிற சாக்கில் படியிறங்கி
என் போனில் கூப்பிட்டேன்.
சக்கரச் சத்தம். காற்று. யாரோ கடலை விற்கிறார்.
"உக்காந்துட்டேம்மா. தொட்டி மடியில இருக்கு.
ஆனா ஏழு நிமிஷம்னு எவன் சொன்னான்?
பத்தொம்பது."

மேலே வந்து பொத்தானை அழுத்தினேன்.
வரைபடத்தைத் திருத்த எனக்கு உரிமையில்லை.
மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி
திரையில், புள்ளிக்கோட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்:
மீன்தொட்டியோடு என்றால், பத்தொன்பது.